ஷிப்ட் இல்லாத வாரங்கள்: வேலை பார்க்கும் மாணவர்களும் நெருக்கடிக் காலமும்

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நாடுகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தபோது முதலில் மூடப்பட்டவை உணவகங்கள், மதுக்கூடங்கள், திரையரங்குகள், துணிக்கடைகள், விழா அரங்குகள். பல்கலைக்கழக மாணவர்கள் அதிகமாக வேலை பார்க்கும் இடங்களும் இவையேதான். இதில் தற்செயல் ஒன்றுமில்லை. மாலையிலும் வார இறுதியிலும் ஆள் தேவைப்படும் தொழில், ஓரிரு நாளில் கைவந்துவிடும் வேலை, தேர்வு வந்தால் நின்றுகொண்டு முடிந்ததும் திரும்பி வரலாம் என்ற ஏற்பாடு ஆகிய மூன்றும் சேர்கிற இடத்தில்தான் மாணவருக்குச் சம்பளம் கிடைக்கிறது. அந்த வேலை முதல் அடியிலேயே பறிபோவதற்கும் இவைதாம் காரணம். ஆகவே மாணவர்களுக்கு வேலை போனது வியப்பில்லை. அதே சமையலறையில் முழுநேரம் நின்றவருக்கும் போனது. வேறுபாடு அடுத்த வாரத்தில்தான் தெரிந்தது. அரசுகள் அவசரமாக நிவாரணத் திட்டங்களை அறிவித்தன. ஒரே உணவகத்தில் பரிமாறிய இருவரில் ஒருவருக்குச் சம்பளத்தின் பெரும்பகுதி வீடு தேடி வந்தது. மற்றவரிடம், நீங்கள் மாணவர்தானே என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்டே இருக்கக் கூடாது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். அந்த ஆண்டில் பல நாடுகள் எடுத்த நடவடிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு போக்கு தெளிவாகத் தெரிகிறது. போன சம்பளம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்த திட்டங்கள் மாணவரையும் தாங்கின. வந்து நிற்பவர் யார் என்று பார்த்த திட்டங்கள் அவரை நழுவவிட்டன. பிறகு அந்தப் பிழையைச் சரிசெய்ய 'மாணவர் நிவாரணம்' என்ற பெயரில் தனியாக ஒரு சிறு தொகையை ஒதுக்கின. அந்தத் தனி நிவாரணம் பெரும்பாலும் தாமதமாகவும் குறைவாகவும் வந்தது. தொழிலாளர் பாதுகாப்பிலிருந்து மாணவரை விலக்கிவைக்கும் விதிகளை நீக்காமல் மாணவர் நலத்திட்டங்களை எத்தனை அடுக்கினாலும் அடுத்த நெருக்கடியிலும் இதேதான் நடக்கும்.

நலத்திட்டங்களில் பெயர்பெற்ற ஜெர்மனியிலிருந்து தொடங்குவது பொருத்தம், ஏனெனில் ஓட்டை அங்கேதான் மிகத் துல்லியமாகத் தெரிகிறது. அங்கே மாணவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் படிப்போடு வேலையும் பார்ப்பவர்கள். பருவக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டாத மாணவத் தொழிலாளிக்குச் சட்டம் ஒரு சலுகை தருகிறது. மருத்துவம், வேலையின்மை ஆகியவற்றுக்கான காப்பீட்டுச் சந்தாவைச் சம்பளத்திலிருந்து பிடிக்க வேண்டியதில்லை. ஓய்வூதியச் சந்தா மட்டும் உண்டு. மாதம் 450 யூரோ வரை சம்பாதிக்கும் சிறுபணிகளும் அப்போது வேலையின்மைக் காப்பீட்டுக்கு வெளியேதான் இருந்தன. கையில் கொஞ்சம் கூடுதல் பணம், முதலாளிக்கும் செலவு மிச்சம், எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் ஜெர்மனியைக் காப்பாற்றியதாக உலகமே புகழ்ந்த குறைநேர வேலைப் படி அந்தக் காப்பீட்டு நிதியிலிருந்துதான் வந்தது. வேலை குறைந்த தொழிலாளிக்கு இழந்த நிகரச் சம்பளத்தில் 60 விழுக்காடு, பிள்ளை இருந்தால் 67. நெருக்கடி நீண்டபோது இது படிப்படியாக 80, 87 வரை உயர்ந்தது. சந்தா கட்டாத மாணவருக்கு அதில் இடமில்லை. சரி, அடிப்படை வாழ்வாதார உதவி கேட்கலாமா என்றால், அரசுக் கல்வி உதவித் திட்டத்துக்குத் தகுதியுள்ள படிப்பில் இருப்பவர் அதற்குப் போகக் கூடாது என்கிறது இன்னொரு சட்டம். அந்தக் கல்வி உதவியோ அன்றைய நிலையில் எந்த மாதத்தை எடுத்தாலும் எட்டு மாணவரில் ஒருவருக்கும் குறைவாகவே கிடைத்தது. படிப்பு தகுதியுள்ளதாக இருப்பது வேறு, பணம் கைக்கு வருவது வேறு. பெற்றோர் வருமானம், வயது, படிப்பில் கழிந்த பருவங்கள் என்று ஏதோ ஒன்றில் பலர் விழுந்துவிடுவார்கள். மூன்று கதவுகளும் ஒன்றையொன்று கைகாட்டி நின்றன.

இந்த நிலை தெரிந்தும் ஜெர்மன் அரசு ஒன்றரை மாதம் யோசித்தது. கொடுக்க முன்வந்த முதல் உதவி கடன். அரசு வளர்ச்சி வங்கியின் கல்விக் கடனில் மாதம் 650 யூரோ வரை வாங்கலாம், சில காலத்துக்கு வட்டி இல்லை என்றார்கள். வட்டி மாறக்கூடியது என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. 2023 அக்டோபரில் அந்த வட்டி 9 விழுக்காட்டைத் தொட்டது. பரிமாறும் வேலை நின்றதற்காக 2020இல் கடன் எடுத்தவர், பட்டம் வாங்கிய பிறகு அதற்கு அந்த வட்டியைக் கட்ட நேர்ந்தது. திருப்பித் தர வேண்டாத இடைக்கால உதவிக்கு விண்ணப்பம் ஜூன் நடுவில்தான் திறந்தது. அதன் நடைமுறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். மாணவர் தன் வங்கிக் கணக்கு அறிக்கையைப் பதிவேற்ற வேண்டும். கணக்கில் 100 யூரோவுக்குக் கீழே இருந்தால் அந்த மாதத்துக்கு 500 யூரோ. 100க்கும் 200க்கும் இடையில் இருந்தால் 400. இப்படியே இறங்கி, 400க்கு மேல் 500க்குள் இருந்தால் 100 யூரோ. 500 இருந்தால் ஒன்றுமில்லை. அதாவது வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதத்துக்கு 500 யூரோ போதும் என்பது அரசின் கணக்கு. வாடகைக்கென்று 480 யூரோவைச் செலவழிக்காமல் வைத்திருந்தவருக்கு 100. வாடகையைக் கட்டிவிட்டு வெறும் கணக்கோடு வந்தவருக்கு 500. ஒவ்வொரு மாதமும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். வறுமை பெருந்தொற்றால் வந்தது என்பதையும் நிரூபிக்க வேண்டும். மாணவர் நல அமைப்புகள் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைப் பரிசீலித்தபோது தெரிந்த உண்மை வேறு: விண்ணப்பித்தவர்களில் பலர் தொற்றுக்கு முன்பே வறுமையில் இருந்தவர்கள். அவர்கள் ஏழைகள் என்பதில் ஐயமில்லை, ஆனால் தவறான காரணத்தால் ஏழைகள் என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

அமெரிக்காவில் கதை வேறு, முடிவு ஒன்றே. அங்கே மாணவர் தான் படிக்கும் பல்கலைக்கழகத்திலேயே நூலகத்திலோ ஆய்வகத்திலோ விடுதி உணவகத்திலோ வேலை பார்ப்பது சாதாரணம். அப்படிப்பட்ட வேலைக்குச் சமூகக் காப்பீட்டு வரி இல்லை. வேலையின்மைக் காப்பீட்டுக் கணக்கிலும் அது வேலையாகச் சேராது. 1964இல் தொடங்கிய கூட்டாட்சி வேலை-படிப்புத் திட்டத்தில் இருந்தவர்களுக்கு மட்டும், வளாகம் மூடியிருந்தாலும் ஊதியத்தைத் தொடர்ந்து கொடுக்கலாம் என்று 2020 மார்ச் நிவாரணச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி தந்தது. அனுமதிதான், கட்டாயம் இல்லை. அந்தச் சட்டத்தின் புகழ்பெற்ற 1,200 டாலர் காசோலையில் இன்னொரு கூத்து நடந்தது. பெற்றோரின் வரிக்கணக்கில் சார்ந்திருப்பவராகக் காட்டப்பட்ட 17 வயதைக் கடந்த மாணவருக்குக் காசோலை கிடையாது, அவர் பிள்ளை என்பதால். அவருக்காகப் பெற்றோருக்கும் 500 டாலர் கிடையாது, அது 17 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மட்டும் என்பதால். பணம் கொடுக்கும் நேரத்தில் அவர் பெரியவரும் இல்லை, பிள்ளையும் இல்லை. இந்த ஓட்டை 2020 டிசம்பரில் வந்த 600 டாலரிலும் அடைபடவில்லை. 2021 மார்ச்சில் வந்த 1,400 டாலரில்தான் அடைபட்டது. காப்பீட்டுக்கு வெளியே இருந்தவர்களுக்காகக் கொண்டுவந்த தற்காலிகப் பெருந்தொற்று வேலையின்மை உதவி இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். அந்த உதவி கேட்டது, உங்கள் சம்பளம் நின்றதா என்பதைத்தான். அதனால்தான் அது பல மாணவர்களைச் சென்றடைந்தது.

பிரிட்டனின் திட்டத்தை இங்கே எதிர்முனையாக வைக்கலாம். 2020 மார்ச் 20 அன்று நிதியமைச்சர் ரிஷி சுனக் அறிவித்த வேலை காக்கும் திட்டம், வேலைக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்டவரின் சம்பளத்தில் 80 விழுக்காட்டை, மாதம் 2,500 பவுண்டு வரை, அரசே தரும் என்றது. ஒரே நிபந்தனை, குறிப்பிட்ட தேதியில் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். மணிநேர உத்தரவாதமே இல்லாத ஒப்பந்தக்காரரும் இதில் அடங்குவார். வாரத்துக்கு வாரம் சம்பளம் மாறுகிறதே, எப்படிக் கணக்கிடுவது? போன ஆண்டு அதே மாதத்தில் வாங்கியது, அல்லது அந்த நிதியாண்டின் சராசரி, இரண்டில் எது கூடுதலோ அது. இவ்வளவு எளிய சூத்திரம் ஒன்றே, வெள்ளி இரவும் சனி இரவும் மதுக்கூடத்தில் நிற்கும் மாணவரை முழுநேர ஊழியரின் வரிசையில் உட்காரவைத்தது. மாணவர் விசாவில் இருந்தவர்களுக்கும் தடையில்லை, ஏனெனில் இது பொதுநல உதவியாகக் கருதப்படவில்லை, சம்பளமாகக் கருதப்பட்டது. அதே நாட்டின் வழக்கமான நலஉதவித் திட்டம் முழுநேர மாணவர்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். ஒரே அரசு, ஒரே மாணவர். சம்பளத்தைப் பார்த்த திட்டம் சேர்த்துக்கொண்டது, அடையாளத்தைப் பார்த்த திட்டம் தள்ளிவிட்டது.

பிரிட்டிஷ் ஏற்பாட்டையும் குறையற்றதாகச் சொல்லிவிட முடியாது. பெயரைப் பதிவு செய்வதா வேண்டாமா என்பது முதலாளியின் கையில் இருந்தது. அரசுப் பணம்தான் என்றாலும், நிரந்தர ஊழியருக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு மாணவர்களுக்கு வேறொன்றும் சொல்லாமல் விட்டுவிட அவரால் முடியும். யாரையும் நீக்க வேண்டியதே இல்லை. வாராந்தரப் பட்டியலில் பெயர் வராது, அவ்வளவுதான். மாணவர் வேலையின் மிகப் பெரிய பலவீனம் இதுவே. வேலை நீக்கம் என்றால் ஒரு கடிதம் இருக்கும், தேதி இருக்கும், காரணம் கேட்கலாம். ஷிப்ட் வராமல் போவதற்கு எந்தக் கடிதமும் கிடையாது. அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி நியாயமற்ற நீக்கம் என்று வழக்குப் போடப் பொதுவாக இரண்டு ஆண்டுத் தொடர்பணி வேண்டும். மூன்று ஆண்டுப் பட்டப்படிப்புக்குள் விடுமுறைகளையும் கழித்துவிட்டு அதை எட்டும் மாணவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

இந்த ஷிப்ட் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்த நாடு ஜப்பான். அங்கே பகல்நேரக் கல்லூரி மாணவர்கள் வேலைக் காப்பீட்டுக்கு வெளியே இருப்பவர்கள். முதலாளி தன் காரணத்துக்காகத் தொழிலை நிறுத்தினால் சராசரிச் சம்பளத்தில் 60 விழுக்காடாவது தர வேண்டும் என்று தொழிலாளர் தரச் சட்டம் சொல்கிறது. ஆனால் அடுத்த மாத ஷிப்ட் இன்னும் போடவேயில்லை, போடாத ஷிப்டுக்கு எதை நிறுத்தினோம் என்று கடைக்காரர்கள் கேட்டார்கள். சட்டத்தின் எழுத்தை வைத்துப் பார்த்தால் அவர்கள் கேட்டதில் தவறு காண்பது கடினம். அரசு முதலில் மாணவர்களுக்கு ஒருமுறை உதவியாக 1 லட்சம் யென், வறிய குடும்பமானால் 2 லட்சம் யென் அறிவித்தது. வெளிநாட்டு மாணவர்களுக்கு மட்டும் மதிப்பெண்ணில் முதல் 30 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை வைத்துக் கண்டனம் வாங்கிக்கொண்டது. பசிக்கும் மதிப்பெண்ணுக்கும் என்ன தொடர்பு என்பதற்கு நல்ல பதில் யாரிடமும் இல்லை. இதைவிட முக்கியமான மாற்றம் சத்தமில்லாமல் அக்டோபர் கடைசியில் வந்தது. வேலை நிறுத்தப்பட்டவர் நேரடியாக அரசிடம் விண்ணப்பிக்கும் திட்டத்தில், ஷிப்ட் தொழிலாளிகளுக்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்குக் குறையாமல், மாதம் நான்கு நாளாவது வேலை பார்த்திருந்து, தொற்று வராவிட்டால் அதே வேலையைத் தொடர்ந்து தந்திருப்பேன் என்பது முதலாளியிடம் உறுதியானால், ஷிப்ட் எழுதப்படாவிட்டாலும் அவர் வேலை நிறுத்தப்பட்டவரே. எழுதப்பட்ட ஒப்பந்தத்தைப் பார்க்காமல் நடந்த பழக்கத்தைப் பார்ப்பது என்ற இந்தக் கோட்பாடு, அந்த ஆண்டில் மாணவர் வேலைக்காக உருவான சிந்தனைகளில் சிறந்தது என்று சொல்வேன். ஏழு மாதம் முன்பே வந்திருக்கலாம்.

கனடா இரண்டு வழிகளையும் ஒரே ஆண்டில் சோதித்துப் பார்த்தது. முந்தைய 12 மாதத்தில் 5,000 டாலர் சம்பாதித்து வேலை இழந்த எவருக்கும் நான்கு வாரத்துக்கு 2,000 டாலர் என்றது முதல் திட்டம். மாணவரா, வெளிநாட்டவரா என்று அது பார்க்கவில்லை. அங்கே தங்கி, அந்தத் தொகையைச் சம்பாதித்திருந்தால் போதும். அந்த வரம்பை எட்டாத மாணவர்களுக்காக ஏப்ரலில் அறிவித்த தனித் திட்டத்தில் நான்கு வாரத்துக்கு 1,250 டாலர்; உடல் குறைபாடு உள்ளவர்களுக்கும் பிள்ளை உள்ளவர்களுக்கும் 2,000. இதில் வெளிநாட்டு மாணவர்கள் இல்லை. கோடை வேலை கிடைக்காமல் போகும் என்பதை முன்கூட்டியே உணர்ந்து கொடுத்ததால் இந்த இரண்டாவது திட்டம் வேறெந்த நாட்டின் மாணவர் நிவாரணத்தையும் விடக் கண்ணியமாக இருந்தது. ஆனால் அரசு அதோடு நிற்கவில்லை. கோடையில் தன்னார்வச் சேவை செய்யும் மாணவருக்கு 100 மணி நேரத்துக்கு 1,000 டாலர் வீதம், 5,000 டாலர் வரை மானியம் என்று இன்னொன்றையும் அறிவித்தது. மணிக்கு 10 டாலர். கனடாவின் எந்த மாகாணத்திலும் குறைந்தபட்சக் கூலி அப்போது அதைவிடக் கூடுதல். சேவை என்று பெயரிட்டுவிட்டால் கூலிச் சட்டம் பொருந்தாது. திட்டத்தை நடத்தத் தேர்ந்தெடுத்த தொண்டு நிறுவனத்துக்கும் பிரதமர், நிதியமைச்சர் குடும்பங்களுக்கும் இருந்த தொடர்பு அம்பலமாகி அது ஜூலையிலேயே முடங்கியது. நாட்டின் விவாதம் முழுக்க அந்த ஊழலைச் சுற்றியே நடந்தது. மாணவர் உழைப்புக்குக் குறைந்தபட்சக் கூலிகூட வேண்டாம் என்று ஓர் அரசு நினைத்தது ஏன் என்ற கேள்வி ஓரத்தில் போய்விட்டது.

நம்மவர்களை நேரடியாகச் சுட்டது ஆஸ்திரேலியா. அங்குள்ள வெளிநாட்டு மாணவர்களில் சீனாவுக்கு அடுத்த பெரிய கூட்டம் இந்தியாவிலிருந்து போனது. தமிழ்நாட்டிலிருந்து கல்விக் கடனோடு போனவர்களும் அதில் அடக்கம். இரண்டு வாரத்துக்கு 1,500 டாலர் தந்த சம்பள மானியத் திட்டம், ஒரே முதலாளியிடம் 12 மாதம் ஒழுங்காக வேலை பார்க்காத தற்காலிக ஊழியரையும், தற்காலிக விசாக்காரரையும் விலக்கிவைத்தது. ஏப்ரல் 3 அன்று பிரதமர் ஸ்காட் மோரிசன், தங்களைத் தாங்களே பராமரிக்க முடியாத தற்காலிக விசாக்காரர்கள் ஊருக்குத் திரும்பலாம் என்றார். இந்தியாவோ மார்ச் 22 முதலே பன்னாட்டுப் பயணிகள் விமானங்களை நிறுத்தியிருந்தது. மீட்பு விமானங்கள் மே 7 அன்றுதான் தொடங்கின. போகச் சொன்ன நாளில் போக விமானமே இல்லை. கிடைத்த ஒரு வழி, ஓய்வூதியக் கணக்கில் முதலாளிகள் போட்டுவைத்த தங்கள் சேமிப்பிலிருந்தே 10,000 டாலர் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பது. இதே காலத்தில் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் ஆள் தட்டுப்பாடு வந்ததும், இரண்டு வாரத்துக்கு 40 மணி நேரம் என்ற விசா வரம்பை அரசு அவர்களுக்காகத் தளர்த்தியது. அலமாரியை அடுக்கவும் முதியவரைக் குளிப்பாட்டவும் வேண்டியிருந்தபோது அவர்கள் அத்தியாவசியத் தொழிலாளர்கள்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு, மாணவருக்குக் குடும்பம் இருக்கிறது, அவர் சம்பளம் கைச்செலவுக்குத்தான் என்பது. சிலருக்கு அது உண்மை. ஆனால் முழுநேர ஊழியரிலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் உண்டு. அவர்களிடம் அப்பாவின் வருமானச் சான்றிதழைக் கேட்டுவிட்டா காப்பீடு கொடுக்கிறோம்? பொதுவான நெருக்கடியில் மகன் வேலை பார்த்த உணவகமும் தாய் வேலை பார்த்த விடுதியும் ஒரே வாரத்தில் மூடுகின்றன என்பதையும் மறக்கக் கூடாது. குடும்பத்தை நம்பச் சொல்வது, குடும்பத்துக்கே ஆதரவு தேவைப்படும் நேரத்தில்தான். இந்த மறுப்பின் இன்னொரு வடிவம் இதைவிட வலுவானது: மாணவர்கள் வேலை பார்க்கத் தேவையில்லாதபடி உதவித்தொகையைக் கூட்டிக் கொடுப்பதே முறை, ஏன் வேலையைப் பாதுகாக்க வேண்டும்? உதவித்தொகை கூட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் உதவித்தொகையின் இயந்திரம் மெதுவானது. ஜெர்மனியில் கல்வி உதவி, பெற்றோரின் இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமானத்தை அடிப்படையாகக் கொள்கிறது; அமெரிக்க உதவி விண்ணப்பமும் அப்படியே. நிலை மாறினால் மறுபரிசீலனை கேட்கலாம்தான், அதற்கும் மனு, அதற்கும் காத்திருப்பு. சம்பளப் பட்டியலோ போன மாதம் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடும். நெருக்கடியில் அந்த வேகமே பாதி உதவி.

சந்தா கட்டாதவருக்குப் பலன் எதற்கு என்பது அடுத்த மறுப்பு. காப்பீட்டின் தர்க்கப்படி இது நியாயமானது; அதனால் இதற்குப் பதில் கணக்கில்தான் இருக்க வேண்டும். 2020இல் ஜெர்மனியின் வேலையின்மைக் காப்பீட்டுச் சந்தா சம்பளத்தில் 2.4 விழுக்காடு, தொழிலாளி பங்கு அதில் பாதி. மாதம் 800 யூரோ சம்பாதிக்கும் மாணவருக்கு அது 9 யூரோ 60 சென்ட். இந்தப் பத்து யூரோவுக்கும் குறைவான 'சலுகை'க்காகத்தான் அவர் நெருக்கடியில் சம்பளத்தின் 60 விழுக்காட்டை இழந்தார். மருத்துவக் காப்பீட்டில் விலக்குத் தருவதற்கு நியாயம் உண்டு, மாணவருக்கென்றே தனிக் கட்டணம் அங்கே இருக்கிறது. வேலையின்மைக் காப்பீட்டையும் அதோடு சேர்த்துக் கட்டித் தூக்கி எறிந்தது சோம்பேறித்தனம். மேலும், அந்தக் காப்பீட்டு நிதியின் கையிருப்பு கரைந்தபோது கூட்டாட்சி அரசு வரிப்பணத்தை அதில் போட்டது. சாப்பாட்டுக்கும் புத்தகத்துக்கும் விற்பனை வரி கட்டும் மாணவர் அந்த வரிப்பணத்துக்குப் பங்களித்தவர்தான். சந்தா கட்டியவருக்கே பலன் என்ற விதி, பெரிய நெருக்கடியில் மற்றவர்களுக்காகத் தளர்ந்தது, மாணவருக்கு மட்டும் இறுகியது.

மூன்றாவது மறுப்பு ஆஸ்திரேலிய அனுபவத்திலிருந்து வந்தது. ஒரே தொகையாக 1,500 டாலர் கொடுத்ததால், வாரத்தில் ஒரு நாள் வேலை பார்த்த மாணவர் வழக்கமான சம்பளத்தை விடப் பல மடங்கு வாங்கினார். இது நடந்தது உண்மை, எரிச்சலூட்டியதும் உண்மை. ஆனால் குற்றம் சூத்திரத்தின் மேல். செப்டம்பர் கடைசியில் அந்த அரசே வாரம் 20 மணி நேரத்தை எல்லையாக வைத்து 1,200, 750 என்று இரண்டு படிகளாக்கியது. பிரிட்டன் தொடக்கத்திலிருந்தே பழைய சம்பளத்தின் விகிதமாகக் கொடுத்ததால் இந்தச் சிக்கலே எழவில்லை. வெளிநாட்டு மாணவர்கள் தங்களைப் பராமரிக்கப் பணம் இருப்பதாகக் காட்டித்தானே விசா வாங்கினார்கள் என்ற கடைசி மறுப்புக்கும் அந்த விசாவிலேயே பதில் இருக்கிறது. காட்டிய பணம் படிப்புச் செலவுக்கான உறுதிமொழி. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வேலை பார்க்கலாம் என்று அதே விசாவில் அனுமதியும் எழுதியிருக்கிறது. அந்தச் சம்பளத்துக்கு வரி பிடித்த அரசு, சம்பளம் நின்றதும் அந்த அனுமதியை மறந்துவிட முடியாது.

இதுவரை பேசியது பெரும்பாலும் வருமானத்தைக் காப்பது பற்றி. வேலையையே காக்க முடியுமா? முடியும் என்பதற்குச் சிறிய, அதிகம் பேசப்படாத உதாரணம் பெர்லினில் இருக்கிறது. ஜெர்மனியின் மற்ற மாநிலங்களில் பல்கலைக்கழக மாணவ உதவியாளர்கள் மாநில ஊழியர்களின் கூட்டு ஒப்பந்தத்துக்கு வெளியே, பெரும்பாலும் குறுகிய கால ஒப்பந்தங்களில் இருப்பவர்கள். பெர்லினில் மட்டும் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து அவர்களுக்கென்று தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தம் உண்டு. 2018இல் வேலைநிறுத்தம் செய்து அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். மாநில உயர்கல்விச் சட்டப்படி அங்கே ஒப்பந்தக் காலம் வழக்கமாக நான்கு பருவங்கள், அதாவது இரண்டு ஆண்டு. ஒவ்வொரு சில மாதத்துக்கும் காகிதம் புதுப்பிக்க வேண்டியவரை நெருக்கடியில் கழற்றிவிடப் புதுப்பிக்காமல் இருந்தாலே போதும். இரண்டு ஆண்டுக் காகிதம் உள்ளவரிடம் அந்த வித்தை பலிக்காது. அமெரிக்காவிலும் 2016இல் கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில் மாணவ உதவியாளர்களும் தொழிலாளர்களே என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் சொன்ன பிறகு, தனியார் பல்கலைக்கழகங்களில் சங்கங்கள் பரவின. மாணவர் நிலையற்றவர், அதனால் அவர் வேலையும் நிலையற்றது என்ற வாதத்தை இந்த இரண்டு உதாரணங்களும் சாய்த்துவிடுகின்றன. நான்கு பருவம் ஓர் ஊரில் இருக்கப்போவது உறுதியான மனிதர் மாணவரைத் தவிர வேறு யார்?

இந்தியாவில் இதே கேள்வியைக் கேட்டால் முதலில் தட்டுப்படுவது பட்டியலின்மை. கேட்டரிங், துணிக்கடை, டெலிவரி என்று வேலை பார்க்கும் கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லாதவர்கள், ஆகவே சம்பளத்தைப் பின்தொடரும் திட்டமும் இங்கே அவர்களைக் கண்டுபிடிக்காது. 2020இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு நிறுவனமான இ.எஸ்.ஐ. தன் வேலையின்மை உதவியைச் சராசரிச் சம்பளத்தில் 25 விழுக்காட்டிலிருந்து 50 ஆக, 90 நாள் வரை, உயர்த்தியது. அதற்கும் இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். டெலிவரி ஊழியரைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, அவர்களுக்காக நிறுவனங்கள் விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு தர வேண்டும் என்கிறது. விபத்து, மருத்துவம், பேறுகாலம், முதுமை எல்லாம் அதன் பட்டியலில் இருக்கின்றன. வருமானம் நின்றுபோவது பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை.

பட்டியலில் இருப்பவருக்கும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி அல்லர், தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா என்று சொல்கிறது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் தொழிலாளி என்பதன் வரையறையிலிருந்து பழகுநரை வெளியே நிறுத்துகிறது. இ.எஸ்.ஐ.யிலும் அவருக்கு இடமில்லை. காயம்பட்டால் இழப்பீடு, முதலாளி ஒப்பந்தத்தை மீறினால் ஒரு தொகை என்று சில காப்புகள் உண்டு. ஆனால் ஆர்டர் குறைந்து ஆலை லே-ஆஃப் அறிவித்தால், தகுதியுள்ள தொழிலாளிக்குச் சட்டப்படி பாதிச் சம்பளம் வரும், அதே வரிசையில் நிற்கும் பழகுநருக்கு வராது. 2020 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவே பழகுநர் பயிற்சியைப் பட்டப்படிப்புக்குள் சேர்க்கும் படிப்புகளை ஊக்குவித்து வருகிறது. மாணவரை ஆலைக்கு அனுப்பும் அந்த ஒப்பந்தங்களில் பல்கலைக்கழகமும் ஒரு தரப்பாகக் கையெழுத்திடும்போது, லே-ஆஃப் நாட்களுக்கும் உதவித்தொகை தொடரும் என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை.